உயிர்ப்புள்ளி பூஜ்ஜியம்

2018 ஜூலையில், லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு மேசையைச் சுற்றித் தொழில்முறைக் குரல் நடிகர்கள் சிலர் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். 'கிரிட்டிக்கல் ரோல்' என்ற பெயரில் அவர்கள் வாராவாரம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுவதை உலகெங்கும் ஏராளமானோர் இணையத்தில் நேரலையாகப் பார்ப்பது அப்போதைய வழக்கம். அன்றைய கதையில், தங்கள் தோழர்கள் மூவரைக் கடத்திப்போன அடிமை வியாபாரிகளை ஒரு சாலையில் மறிக்கிறது குழு. டாலிசின் ஜாஃபி என்ற நடிகர் ஆடிய பாத்திரத்தின் பெயர் மாலிமாக். கொம்பு முளைத்தவன், சர்க்கஸ் கூட்டத்தில் திரிந்தவன், சீட்டு விரித்துக் குறி சொல்பவன், கண்ணைப் பறிக்கும் வண்ணக் கோட்டு போட்டவன். தன் ரத்தத்தையே கொடுத்து எதிரியின் மீது சாபம் ஏவும் சக்தி அவனுக்கு உண்டு. சண்டை மோசமாகப் போகிறது. எத்தனை அடி தாங்குவான் என்பதைக் காட்டும் உயிர்ப்புள்ளியில் மிச்சம் இருக்கும் கொஞ்சத்தைச் செலவழித்து மாலிமாக் சாபத்தை ஏவுகிறான். அந்தச் செலவே அவனைக் கீழே சாய்த்துவிடுகிறது. விழுந்து கிடப்பவனை எதிரிகளின் தலைவன் குத்திக் கொல்கிறான்.

மேசையில் இருந்தவர்கள் முகம் மாறிப்போனது. பார்த்துக்கொண்டிருந்த ரசிகர்கள் அழுதார்கள். அவன் நினைவாகப் படங்கள் வரைந்து குவித்தார்கள். மாலிமாக் என்று ஒருவன் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அது அழுத ஒவ்வொருவருக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் அழுகை?

இந்த விளையாட்டைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. நான்கைந்து பேர் உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரத்தை உருவாக்கிக்கொள்கிறார்கள். பலம், அறிவு, வேகம் முதலியவற்றுக்கு எண்கள் உண்டு. எல்லாம் ஒரு தாளில் எழுதப்படும். டன்ஜன் மாஸ்டர் எனப்படும் நடத்துநர் உலகத்தை விவரிக்கிறார்: "கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சு விடும் சத்தம் கேட்கிறது. என்ன செய்கிறீர்கள்?" ஆடுபவர் தன் பாத்திரம் செய்வதைச் சொல்கிறார். பலிக்குமா பலிக்காதா என்பதை இருபது பக்கப் பகடை தீர்மானிக்கிறது. ஜெயித்தவர், தோற்றவர் என்று யாரும் கிடையாது. ஒரே கதை வாரக்கணக்கில், சில குழுக்களில் வருடக்கணக்கில் ஓடும்.

துக்கத்தைப் பற்றிய புத்தகத்தில் ஒரு விளையாட்டுக்கு எதற்காக ஓர் அத்தியாயம் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. நிஜ வாழ்க்கையில் பாசத்தின் அளவைக் கூட்டியும் குறைத்தும் பார்க்க எந்த ஆய்வாளருக்கும் அனுமதி கிடையாது. இந்த வகை விளையாட்டுகளை வடிவமைத்தவர்களோ ஐம்பது ஆண்டுகளாக அதைத்தான் செய்துவருகிறார்கள். சாவின் விதியை ஒருவர் கடுமையாக்கினார், ஒருவர் தளர்த்தினார், இன்னொருவர் கேலிக்கூத்தாக்கினார். யாரும் திட்டமிடாமலே அமைந்துவிட்ட சோதனைக்கூடம் இது.

ஒரே அடியில் சாக மனமில்லாதவர்கள்

அமெரிக்காவின் மினசோட்டா, விஸ்கான்சின் மாநிலங்களில் 1960களின் இறுதியில் போர் விளையாட்டுப் பிரியர்கள் கூட்டம் ஒன்று இருந்தது. சின்னச் சின்னப் படைவீரர் பொம்மைகளை மேசையில் நிறுத்தி, பழைய போர்களை மறுபடி நடத்திப் பார்ப்பார்கள். 1969இல் டேவ் வெஸ்லி என்பவர் 'பிரான்ஸ்டைன்' என்ற ஆட்டத்தில் ஒரு மாற்றம் செய்தார். ஆளுக்கொரு படையைக் கொடுக்காமல் ஆளுக்கொரு மனிதரைக் கொடுத்தார். அதில் ஆடிய டேவ் ஆர்னசன், அந்த யோசனையைப் 'பிளாக்மூர்' என்ற மாயாஜால உலகத்துக்குக் கொண்டுபோனார்.

சண்டைக்கு அவர் முதலில் எடுத்துக்கொண்டது கேரி கைகேக்ஸும் ஜெஃப் பெரனும் எழுதி 1971இல் வெளிவந்த 'செயின்மெயில்' விதிகளை. படைகளுக்காக எழுதப்பட்ட விதிகள் அவை. அடி பட்டால் பொம்மையை எடுத்து ஓரமாக வைத்துவிட வேண்டும். நூறு வீரர்களில் ஒருவன் போனால் யாருக்கும் ஒன்றுமில்லை. ஆனால் பிளாக்மூரில் ஆளுக்கு ஒரே ஒரு பொம்மை. ஆடியவர்கள் தங்கள் பாத்திரத்தின் மீது பாசம் வைத்துவிட்டார்கள், ஒரே அடியில் அதை இழக்க அவர்களுக்கு மனமில்லை என்று ஆர்னசன் பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அவர் ஏற்கெனவே இரும்புக் கவசக் கப்பல்களின் கடற்போருக்கு விதிகள் எழுதியிருந்தார். ஒரு குண்டு பட்டதும் கப்பல் மூழ்குவதில்லை. எத்தனை அடி தாங்கும் என்று கணக்கு வைக்க வேண்டும். அந்தக் கணக்கை மனிதர்களுக்குப் போட்டார். 1974இல் ஆயிரம் பிரதிகளுடன் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் முதல் பதிப்பு வந்தபோது அது ஹிட் பாயின்ட், அதாவது உயிர்ப்புள்ளி, என்ற பெயரில் உள்ளே இருந்தது.

இன்று கைப்பேசியில் ஆடும் விளையாட்டுகளில் தலைக்கு மேல் பச்சைக் கோடாகத் தெரிவதும் இதன் வாரிசுதான். இல்லாத ஒருவன் செத்துப்போவதைச் சகிக்க முடியாதவர்களுக்காக, இருபதாம் நூற்றாண்டின் மிக வெற்றிகரமான விளையாட்டு விதிகளில் ஒன்று பிறந்திருக்கிறது.

யாருக்கு அழுகிறோம், யாருக்கு அழுவதில்லை

அடுத்து வந்த விளையாட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாசம் எதிலிருந்து வருகிறது என்பது பிடிபடுகிறது.

1977இல் மார்க் மில்லர் வடிவமைத்து வெளிவந்த 'டிராவலர்' விண்வெளிப் பயணங்களைப் பற்றியது. இதில் பாத்திரத்தை உருவாக்குவதே ஒரு சூதாட்டம். கடற்படையிலோ ராணுவத்திலோ சேர்ந்து, நான்கு ஆண்டுகள் கொண்ட பணிக்காலங்களை ஒவ்வொன்றாகக் கழிக்க வேண்டும். ஒவ்வொரு பணிக்காலமும் புதுத் திறமை தரும். ஒவ்வொரு முறையும் பிழைத்தானா என்று பகடை உருட்டவும் வேண்டும். தவறினால் ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே ஆள் காலி. புதுத் தாளை எடுத்து மறுபடி முதலிலிருந்து வர வேண்டும். ரசிகர்கள் இன்றுவரை இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அப்படிச் செத்தவனுக்கும் பெயர் இருந்தது, எண்கள் இருந்தன, வேலை பார்த்த வரலாறுகூட இருந்தது. அவன் எடுத்த முடிவு என்று எதுவும் இல்லை. அவனோடு பக்கத்தில் நின்ற இன்னொரு பாத்திரமும் இல்லை.

1984இல் வந்த 'பேரனோயா'வில் ஒவ்வொருவருக்கும் ஆறு நகல்கள். ஒன்று செத்தால் அதே முகத்தோடு அடுத்தது வந்து நிற்கும். அங்கே சாவு நகைச்சுவை. சக ஆட்டக்காரரைப் போட்டுக்கொடுத்துச் சாகடிப்பதுதான் வேடிக்கையே. 

2012இல் வெளியான 'டன்ஜன் கிரால் கிளாசிக்ஸ்' இவற்றைவிடச் சுவாரசியமானது. வீரனோ மந்திரவாதியோ யாரும் கிடையாது. ஆளுக்கு மூன்று நான்கு சாதாரண கிராமத்தார்: ஒரு குடியானவன், ஒரு கொல்லன், கையில் கோழியோடு ஒருவன். எண்கள் எல்லாம் பகடை போட்டபடி. உயிர்ப்புள்ளி பெரும்பாலும் ஒன்று முதல் நான்குக்குள். முதல் நாள் ஆட்டத்தில் பெரும்பாலோர் பொறியில் சிக்கியும் பாம்பு கடித்தும் ஈசல்போல மடிவார்கள். பிழைத்து வெளியே வரும் ஓரிருவர்தான் அதன் பிறகு ஆடவேண்டிய நாயகர்கள். காலையில் ஐந்து நிமிடத்தில் அலட்சியமாகப் பெயர் வைத்த குடியானவனை மாலையில் யாரும் விட்டுக்கொடுப்பதில்லை. இடையில் நடந்தது என்ன? அவன் கதவைத் திறக்கலாமா என்று தயங்கினான், பக்கத்து வீட்டுக்காரன் விழுந்தபோது திரும்பி ஓடினான், கடைசியில் யாரும் எதிர்பாராமல் கோடாரியை எறிந்தான். எண்கள் காலையில் இருந்தவையே. கூடியிருப்பது முடிவுகளும் அவற்றைப் பார்த்த சாட்சிகளும் மட்டுமே.

மூன்றையும் சேர்த்துப் படித்தால் ஒரு கருதுகோள் கிடைக்கிறது. பாத்திரத்தின் மீதான பாசம் அதன் திறமையிலிருந்தோ பின்கதையிலிருந்தோ வருவதில்லை. ஆபத்தில் அதன் சார்பாக நாம் எடுத்த முடிவுகள், திரும்பப் பெற முடியாதபடி மற்றவர்கள் முன்னால் நடந்துவிட்டன என்பதிலிருந்து வருகிறது. இதற்கு ஆய்வகங்களில் ஆதாரம் உண்டா?

கை வைத்தது, தானே பேசியது

மைக்கேல் நார்ட்டன், டேனியல் மோச்சன், டான் ஏரியலி மூவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வில் சாதாரண ஆட்களிடம் தாளைக் கொடுத்து கொக்கும் தவளையும் மடிக்கச் சொன்னார்கள். மடித்தது கோணல்மாணல். மற்றவர்கள் அதற்குக் கொடுக்க முன்வந்தது அற்பத் தொகை. மடித்தவர்களோ, தேர்ந்த கலைஞர் மடித்ததற்கு ஏறக்குறைய ஈடாக மதித்தார்கள். தன் கையால் பூட்டிய மரச்சாமானிலும் இதே போக்கு தெரிந்ததால், ஐக்கியா கடையின் பெயரையே இந்த விளைவுக்கு வைத்தார்கள். செய்து முடித்ததைப் பிரித்துப் போட்டவர்களிடமும், பாதியில் நின்றுபோனவர்களிடமும் இந்தக் கூடுதல் மதிப்பு காணாமல் போனது. டிராவலரில் பாதி வேலையில் செத்தவனுக்கு யாரும் வருந்தாததில் இதன் சாயல் தெரிகிறது.

ஆனால் காகிதக் கொக்கு நம்மை எதிர்த்துப் பேசாது. பாத்திரங்கள் பேசும். மார்ஜரி டெய்லர் என்ற உளவியலாளர் குழந்தைகளின் கற்பனைத் தோழர்களை நெடுங்காலம் ஆராய்ந்தவர். அவரும் சக ஆய்வாளர்களும் ஐம்பது புனைகதை எழுத்தாளர்களிடம் பேசியபோது, தங்கள் பாத்திரங்கள் தம் இஷ்டத்துக்குப் பேசுவதாகவும் கதைப்போக்கை மறுப்பதாகவும் உணர்ந்த அனுபவம் ஓரளவாவது தங்களுக்கு உண்டு என்று 92 சதவீதம் பேர் சொன்னார்கள். ஒரு வேலையை அடிக்கடி செய்தால் அதில் நம் முயற்சி கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது என்பது டெய்லரின் விளக்கம். சைக்கிள் ஓட்டப் பழகியவர் காலை அசைப்பதைப் பற்றி யோசிப்பதில்லை. அதுபோல, ஒருவராக இருந்து யோசித்துப் பழகியபின் அவருடைய பதில் யோசிக்காமலே வாயில் வந்து நிற்கிறது. வருடக்கணக்கில் ஆடியவர்கள், "இல்லை, அவள் இதற்கு ஒத்துக்கொள்ள மாட்டாள்" என்று தங்கள் பாத்திரத்தைப் பற்றி மூன்றாம் மனிதராகப் பேசுவது இதனால்தான். தாளைக் கிழித்துப் போட்டாலும் அந்தப் பழக்கம் மூளையை விட்டுப் போவதில்லை. பயன்படுத்த இடமில்லாமல் நின்றுவிடுகிறது.

மூளைப் படங்களும் ஏதோ சொல்கின்றன. 2021இல் வெளியான ஓர் ஆய்வில் டிமதி புரூமும் அவருடைய சகாக்களும் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' ரசிகர்கள் 19 பேரை ஸ்கேனருக்குள் படுக்கவைத்து, தங்களையும் நண்பர்களையும் அந்தத் தொடரின் பாத்திரங்களையும் பற்றி ஒரு சொல் பொருந்துமா என்று கேட்டார்கள். நம்மைப் பற்றி நினைக்கும்போது நெற்றிக்குப் பின்னால், மூளையின் நடுப்பகுதியில் ஓரிடம் கூடுதலாக இயங்கும். கதைகளில் தன்னை மறந்து ஒன்றிப்போகும் இயல்பு அதிகம் உள்ளவர்களுக்கு, பாத்திரத்தை நினைக்கும்போது அந்த இடத்தின் இயக்கம் தன்னை நினைப்பதை ஒத்திருந்தது. சிறிய ஆய்வு, அதுவும் பார்வையாளர்களைப் பற்றியது. தானே அந்தப் பாத்திரமாகப் பேசுபவரிடம் என்ன தெரியும் என்பது தனியாகச் சோதிக்கவேண்டிய விஷயம்.

அப்படியென்றால் இவர்களுக்கு நிஜமும் கற்பனையும் குழம்பிவிடுகிறதா? அமெரிக்காவில் 1980களில் இந்தப் பயம் பரவலாக இருந்தது. 1984இல் ஜாக் சிக் வெளியிட்ட 'டார்க் டன்ஜன்ஸ்' என்ற மதப் பிரச்சாரச் சித்திரப் பிரசுரத்தில், பாத்திரம் செத்துப்போனதற்காக ஒரு பெண் உயிரையே விட்டுவிடுகிறாள். அதற்கு ஓராண்டு முன்பே, 1983இல், இந்த ஆட்டக்காரர்களோடு நேரில் அமர்ந்து ஆடி ஆராய்ந்த சமூகவியலாளர் கேரி ஆலன் ஃபைன் தன் நூலை வெளியிட்டிருந்தார். அவர் கண்டது வேறு. ஆடுபவர் மூன்று தளங்களில் இருக்கிறார்: வீட்டுக்குப் போகவேண்டிய மனிதர், விதி தெரிந்த ஆட்டக்காரர், வாளேந்திய பாத்திரம். "நான் அவனை வெட்டுகிறேன், பதினேழு விழுந்திருக்கிறது, அந்தச் சிப்ஸை இப்படித் தள்ளு" என்று ஒரே மூச்சில் மூன்றுக்கும் போய்வருகிறார். தடுமாற்றமே இல்லை. உணர்ச்சி மட்டும் எந்தத் தளத்தில் பிறந்தாலும் மூன்றிலும் கசிகிறது. எமிலி கேர் பாஸ் என்ற வடிவமைப்பாளர் 2007இல் இதற்கு 'ப்ளீட்' என்று பெயர் வைத்தார். இன்று ஆட்டக்காரர்களும் ஆய்வாளர்களும் அந்தப் பெயரையே சொல்கிறார்கள்.

ஒன்பது விழுந்தது

தொலைக்காட்சி ரசிகர்களின் பிரிவுத் துயரை இஸ்ரேலிய ஆய்வாளர் ஜொனதன் கோஹென் அளந்திருக்கிறார். பிடித்த பாத்திரம் தொடரிலிருந்து போய்விட்டால் எப்படி இருக்கும் என்று 2004இல் வெளியான ஆய்வில் கேட்டார். நிஜ உறவுகளில் 'விட்டுப் போய்விடுவார்களோ' என்று தவிப்பவர்களே இங்கும் அதிகம் தவித்தார்கள். 'ஃப்ரெண்ட்ஸ்' தொடர் முடிந்தபோது கெரென் எயலுடன் சேர்ந்து செய்த ஆய்வில், வருத்தம் உண்மையானது, ஆனால் நிஜக் காதல் முறிவைவிடக் குறைவானது என்று தெரிந்தது.

பார்வையாளருக்கு இல்லாத ஒன்று ஆடுபவருக்கு இருக்கிறது: குற்ற உணர்வு. தொடரில் யார் செத்தாலும் நாம் என்ன செய்திருக்க முடியும்? மேசையில் நாம் வேறு விதமாகச் செய்திருக்கலாம். பின்வாங்கியிருக்கலாம். மருந்துப் புட்டியை முன்பே எடுத்திருக்கலாம்.

டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1982இல் ஒரு கற்பனை நிலையைச் சொல்லிக் கேட்டார்கள். இருவர் விமானத்தைத் தவறவிடுகிறார்கள். ஒருவர் அரை மணி நேரத்தில், மற்றவர் ஐந்தே நிமிடத்தில். யாருக்கு அதிக எரிச்சல்? கிட்டத்தட்ட எல்லோரும் ஐந்து நிமிடக்காரரையே காட்டினார்கள். இழப்பு ஒன்றே. மனத்தால் எளிதில் திருத்தி எழுதக்கூடிய இழப்பு அதிகம் வலிக்கிறது.

2014இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் சாவு விதி இந்த வலிக்கென்றே செய்ததுபோல இருக்கிறது. உயிர்ப்புள்ளி பூஜ்ஜியமானால் உடனே சாவதில்லை. தன் முறை வரும்போதெல்லாம் இருபது பக்கப் பகடையை உருட்ட வேண்டும். பத்தும் அதற்கு மேலும் வெற்றி. ஒன்பதும் அதற்குக் கீழும் தோல்வி. மூன்று வெற்றி வந்தால் பிழைப்பு, மூன்று தோல்வி வந்தால் சாவு. ஒன்று விழுந்தால் இரண்டு தோல்வியாகக் கணக்கு. இருபது விழுந்தால் எழுந்து நிற்கலாம். யாரும் குறுக்கிடாவிட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டால், சாவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு ஏறக்குறைய 40. பிழைக்கும் வாய்ப்பே அதிகம். ஆகவே செத்தவர் ஒவ்வொருவரும் பிழைத்திருக்கக்கூடியவர். இரண்டு தோல்வி, இரண்டு வெற்றி என்று நிற்கும்போது ஒன்பது விழுந்தால், பத்துக்கும் அதற்கும் இடையில் உள்ள அந்த ஒன்று பல நாள் தூக்கத்தைக் கெடுக்கும்.

சிலர் பழியைப் பகடை மீது போடுகிறார்கள். துரோகம் செய்த பகடையைத் தனியே ஒதுக்கிவைப்பதும், இனி தொடுவதில்லை என்று சபதம் செய்வதும் இந்த வட்டத்தில் சகஜம். ஜேம்ஸ் ஹென்ஸ்லின் 1967இல் எழுதிய கட்டுரையில், செயின்ட் லூயிஸ் நகர டாக்சி ஓட்டுநர்கள் சின்ன எண் வேண்டுமென்றால் பகடையை மெல்லவும் பெரிய எண் வேண்டுமென்றால் ஓங்கியும் எறிந்ததைப் பதிவுசெய்தார். தற்செயலை ஒப்புக்கொள்வதைவிட, தப்பு யாருடையது என்று தெரிந்துகொள்வது மனதுக்கு எளிது.

திரும்பி வருவதற்கு விலை

மந்திரம் இருக்கும் உலகத்தில் செத்தவனை எழுப்பினால் போகிறது என்று தோன்றும். எழுப்பலாம். ஐந்தாம் பதிப்பில் செத்து ஒரு நிமிடத்துக்குள் என்றால் 300 பொற்காசு பெறும் வைரங்கள் போதும். பத்து நாளுக்குள் என்றால் 500 பொற்காசு வைரமும் பெரிய மந்திரமும் வேண்டும். நூறு ஆண்டுகள் வரை என்றால் ஆயிரம். வைரம் எரிந்து போய்விடும். போனவரின் ஆன்மா வர மறுத்தால் எதுவும் செல்லாது.

பணம் சேரச் சேர இது சில்லறைச் செலவாகி, சாவின் கனம் குறைந்துவிடுகிறது என்பது நடத்துநர்களின் பழைய புகார். பேரனோயாவின் ஆறு நகல்கள் வேறு உடையில் வந்து நிற்பது போலத்தான். கிரிட்டிக்கல் ரோலின் நடத்துநர் மாத்யூ மெர்சர் இதற்குத் தனி விதி எழுதினார். எழுப்பும் சடங்கில் தோழர்கள் முன்வந்து ஏதாவது ஒன்றைத் தர வேண்டும்: ஒரு பொருள், ஒரு வேண்டுதல், போனவரைப் பற்றிய ஒரு நினைவு. அது மனதைத் தொட்டால் பகடை இலகுவாகும். ஒவ்வொரு முறை எழுப்பிய பிறகும் அடுத்த முறை கடினமாகும். வைரத்தின் விலையைவிட, கூடியிருப்பவர்களின் சாட்சியத்துக்கு எடை அதிகம்.

துக்கம் விசாரிக்க யார் வருவார்கள்?

இழப்பு என்று ஊர் ஒப்புக்கொள்ளாத இழப்புகள் உண்டு. கென்னத் டோகா 1989இல் தொகுத்த நூல் அவற்றைப் பற்றியது. வெளியே சொல்ல முடியாத உறவு, கருவிலேயே போன குழந்தை, வளர்த்த நாய். விடுப்பு கிடையாது, சடங்கு கிடையாது, துக்கம் விசாரிக்க யாரும் வருவதில்லை. பாத்திரத்தின் சாவை இவற்றுக்குச் சமமாக வைக்க முடியாது; வலியின் அளவு வேறு. பொதுவாக இருப்பது, "இதற்குப் போயா?" என்ற கேள்வி.

மேசையில் இருப்பவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. மாலிமாக்கின் தோழர்கள் அவனைச் சாலையோரம் புதைத்து, அந்த வண்ணக் கோட்டை அடையாளமாக நட்டுவிட்டுப் போனார்கள். பல குழுக்களில் செத்த பாத்திரங்களின் தாள்கள் ஒரு கோப்பில் சேர்கின்றன. அடுத்த கதையில் ஒரு சத்திரத்துக்கு அவர்கள் பெயர் வருகிறது. செத்தவரை மறந்துவிட்டு முன்னேறுவதே ஆரோக்கியம் என்ற பழைய கருத்தை டென்னிஸ் கிளாஸ், ஃபிலிஸ் சில்வர்மேன், ஸ்டீவன் நிக்மன் மூவரும் 1996இல் தொகுத்த நூல் கேள்விக்குள்ளாக்கியது. உறவு அறுந்துபோவதில்லை, வேறு வடிவத்தில் தொடர்கிறது என்றார்கள் அவர்கள். இந்த ஆட்டக்காரர்கள் அதை யாரும் சொல்லிக்கொடுக்காமலே செய்துவந்திருக்கிறார்கள்.

வலி இவ்வளவு என்றால் சாவையே எடுத்துவிட்டால் என்ன? பல குழுக்கள் எடுத்தும் விட்டன. ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே உட்கார்ந்து, இந்தக் கதையில் சாவு இருக்கலாமா, யார் சம்மதத்தோடு என்று பேசி முடிவெடுப்பது இப்போது பரவலான வழக்கம். மறுகோடியில், 2015இல் ஸ்டீஃபன் டூயி எழுதிய 'டென் கேண்டில்ஸ்' இருக்கிறது. பத்து மெழுகுவர்த்தி ஏற்றி ஆடுகிறார்கள். கடைசிச் சுடர் அணையும்போது எல்லோரும் இறப்பது உறுதி என்று முதலிலேயே தெரியும். இங்கே ஒன்பது, பத்து என்ற தவிப்புக்கு இடமில்லை. எப்படி இறக்கிறோம் என்பது மட்டுமே ஆடுபவர் கையில்.

2025இல் டாரிங்டன் பிரஸ் வெளியிட்ட 'டேகர்ஹார்ட்' இரண்டுக்கும் நடுவே ஒரு வழி வைத்திருக்கிறது. கடைசி உயிர்ப்புள்ளி போனதும் பகடைக்கு முன்னால் ஆடுபவரைக் கேட்கிறது. ஒரே ஒரு செயலைப் பிசகில்லாமல் செய்து முடித்துவிட்டு இறக்கலாம். மயங்கி விழுந்து, ஒருவேளை மாறாத தழும்போடு பிழைக்கலாம். அல்லது எல்லாவற்றையும் பகடையின் மீது வைக்கலாம். பாசம் முடிவுகளால் ஆனது என்ற நம் கருதுகோள் சரியென்றால், இந்த விதி இழப்பைக் குறைக்கப்போவதில்லை. எப்படிப் போவது என்ற கடைசி முடிவையும் பாத்திரத்தின் வரலாற்றில் சேர்ப்பதால் பாசத்தைக் கூட்டவே செய்யும். குறையக்கூடியது ஒன்று உண்டு. தானே தேர்ந்தெடுத்த சாவை மனம் சுலபமாகத் திருத்தி எழுதாது. துக்கத்திலிருந்து குற்ற உணர்வைத் தனியே பிரித்தெடுக்க முடியுமா என்பது உளவியலின் பழைய கேள்வி. அதைச் சோதித்துப் பார்க்க நான்கு நண்பர்களும் ஒரு மேசையும் போதும்.